தூசியாரும் தூசி இல்லாத பெட்டியும்

தூசியாருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாததால் அது ஏதோ ஒரு சான்றிதழில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களாகக் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் திறந்து, இரண்டங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்ததில் ஊருக்கே அவர் தூசியார் ஆகிவிட்டார். ஒரு வக்கீல் அலுவலகத்துப் பெட்டியிலிருந்து அவர் வெளியே எடுத்த தூசி ஒரு பூனை அளவு இருந்ததாம். தரையில் வைத்ததும் அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, வக்கீலை ஒரு முறை முறைத்துவிட்டு, படியிறங்கிப் போயே போய்விட்டதாம். பூனை அளவு என்பது கொஞ்சம் மிகை. குட்டிப் பூனை. மற்றதெல்லாம் நிஜம்.

தூசியை வைத்தே அவர் ஜாதகம் கணிப்பார். பிஸ்கட் தூளும் பென்சில் சீவலும் கிடந்தால் பிள்ளைகள் இருக்கும் வீடு. முகப்பவுடர் படிந்திருந்தால் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு. தலைமுடி கொத்துக் கொத்தாக இருந்தால், கணக்காளர். பெட்டி ஆன் ஆகவில்லை, ஆன் ஆனால் நிற்கவில்லை, ஆஃப் செய்தால் ஆஃப் ஆகவில்லை என்று பத்துப் பேர் கூப்பிட்டால், அதில் ஏழு பேருக்குத் தூசிதான் வியாதி. பிரஷ்தான் மருந்து. மீதி மூன்று பேருக்காகத்தான் பையில் ஸ்க்ரூ டிரைவரும், பழைய மெமரி ராமும், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றும் சுமப்பது.

சுமந்து சுமந்து இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. முழங்கால்கள் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆரம்பித்துவிடும். வயது ஐம்பத்துநான்கு. காலையில் மனைவி மூன்று முறை எழுப்பினால்தான் கண் திறக்கும்.

"ஊர்ல இருக்கிற பெட்டிக்கெல்லாம் உயிர் குடுத்துட்டு வர்றீங்க. உங்களை ஆன் பண்ண மட்டும் எனக்குத் தெம்பு இல்லைங்க," என்பாள் அவள்.

"ஸ்விட்ச்ல கோளாறு இல்லம்மா. உள்ள மொத்தமும் சூடாயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்.

கடை மனைவியின் தம்பியுடையது. தம்பி என்றால் பதினாறு வயது இளையவன். தூசியாரின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு வைத்திருந்த இனிப்பைத் திருடித் தின்றுவிட்டு மேசைக்கடியில் ஒளிந்திருந்தவன், இப்போது மேசைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறான். அன்று காலையும் போட்டான்.

"மாமா, அந்தத் தையல் பள்ளிக்கூடத்துலேர்ந்து மறுபடி போன். இது அஞ்சாவது தடவை. அந்தம்மா இந்தத் தடவை எழுத்துலயே புகார் அனுப்பப் போறாங்களாம்."

"போய்ப் பார்த்துட்டு வரேன் மாப்ள."

"பார்த்துட்டு வரக் கூடாது மாமா, சரி பண்ணிட்டு வரணும். அக்கா முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். அவங்களுக்கு இன்னும் நாலு கிளை இருக்கு. புகார்க் காகிதம் இந்த மேசைக்கு வந்துச்சுன்னா, உங்க பையை இங்க வெச்சிட்டு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் வேண்டாமா என்றால், வேண்டும். எலும்பு எலும்பாக வேண்டும். ஆனால் மைத்துனன் கையால் கொடுக்கும் ரெஸ்ட் வேண்டாம். ஞாயிறுதோறும் அவன் அக்காவைப் பார்க்க வருவான். அவன் வரும்போது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் மாமாவாக ஒரே ஒரு ஞாயிறு இருந்தாலும் அதற்கப்புறம் அந்த வீட்டில் அவர் குரல் எடுபடாது. ஐம்பத்துநான்கு வயதில் வேறு கடைக்காரன் எவனும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவும் இல்லை. தூசியார் பையைத் தூக்கி இடது தோளில் மாட்டினார். பின்னால் மைத்துனன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "மேடம், மெக்கானிக் கிளம்பிட்டார். ஒரு மணி நேரத்துல அங்க இருப்பார்."

தையல் பள்ளிக்கூடம் மூன்றாம் மாடியில். படிகள் அறுபத்தாறு. ஐந்தாவது முறை ஏறுகிறவருக்கு எண்ணிக்கை மறக்குமா? மேலே ஏறியதும் ஒரு நீளத் தாழ்வாரம். அதில் குறுக்கே கட்டிய கொடியில், எப்போதும்போல ஈரத்துணிகள். சதுரமும் நீள்சதுரமும் குழல் வடிவமுமாக, மனித உடம்பு எதற்கும் பொருந்தாத சட்டைகள். படிக்கிற பெண்கள் கைப்பழக்கத்துக்குத் தைத்தவையாக இருக்கும் என்று முதல் தடவையே நினைத்துக்கொண்டவர்தான். அப்புறம் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து போகும்போது நீலநிறத் துணி ஒன்று அவர் வழுக்கையில் சொட்டியது. துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே கூடம் கண்ணாடிபோலப் பளபளத்தது. வரிசையாக இருபது தையல் மெஷின்கள், எண்ணெய் போட்டுத் துடைத்து, பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பவைபோல் நின்றன. மூலையில் மேசைமேல் கம்ப்யூட்டர். பக்கத்தில் அந்தப் பள்ளியை முப்பது வருடமாக நடத்தும் பெரிய டீச்சர். கழுத்தில் டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே திட்டுவதில் அவருக்கு நிகரில்லை.

"வாங்க. வழி தெரிஞ்சுதா, இல்ல பாதமே கூட்டிட்டு வந்துடுச்சா?"

"மறுபடி என்ன டீச்சர் பண்ணுது?"

"அதையேதான் பண்ணுது. ஆன் பண்ணா லைட் எரியும், அஞ்சு எண்றதுக்குள்ள செத்துடும். பத்துத் தடவை அழுத்தினா ஒரு தடவை நிக்கும். நின்னாலும் அரை மணி நேரம். அப்புறம் பொசுக்னு போயிடும். சாயங்காலம் ஒழுங்கா ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பினா, சில நாள் தானா எழுந்து உட்கார்ந்துக்கும். உங்க மேல புகார் எழுதலாம்னு மூணு தடவை அடிச்சேன். மூணு தடவையும் பாதியில போயிடுச்சு. அதுவும் உங்க பக்கம்தான் போலிருக்கு."

அந்த மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவள் எல்லோருக்கும் காஜா அக்கா.

தூசியார் சுவிட்சை அழுத்தினார். கம்ப்யூட்டர் சாதுவாக ஆன் ஆனது. அடுத்து ஆஃப் செய்தார். சாதுவாக ஆஃப் ஆனது. பத்து முறை செய்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைபோலச் சொன்னதைக் கேட்டது.

"நீங்க வந்தா மட்டும் நல்ல பிள்ளை வேஷம்," என்றார் பெரிய டீச்சர். "நீங்க போன அன்னிக்கு முன்னைவிட மோசமாயிடுது. ஒவ்வொரு தடவையும். இதையும் புகார்ல எழுதியிருக்கேன்."

அதுதான் தூசியாரைத் தின்றது. முதல் முறை வந்தபோது ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இரண்டாம் முறை எஸ்எம்பிஎஸ் மாற்றினார். மூன்றாம் முறை சுவிட்ச் வயரை மாற்றி, சாஃப்ட்வேர் மொத்தத்தையும் அழித்துப் புதிதாகப் போட்டார். நான்காம் முறை பெட்டியைக் கடைக்கே தூக்கிப் போய் மூன்று நாள் இடைவிடாமல் ஓட்டினார். ஒரு இருமல்கூட இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், பெட்டிக்குள் தூசியே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. காற்றுத் துளைகளின் ஓரத்தில் மட்டும் நீலமாய்க் கொஞ்சம் பஞ்சு. தையல் பள்ளியில் பஞ்சு இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

"இது மேல ஏதாவது வைக்கிறீங்களா? புத்தகம், துணிக்கட்டு?"

"ஐயோ, ஒரு காகிதம்கூட வைக்க மாட்டோம்," என்றாள் காஜா அக்கா. "குழந்தை மாதிரிப் பார்த்துக்கிறோம்."

பகல் ஒரு மணி வரை அவர் அங்கேயே இருந்தார். பெட்டி ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இல்லாத நோய்க்கு என்ன வைத்தியம் பார்ப்பது? கடைசியில் கையை விரித்தார்.

"இப்ப நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். கிளம்புங்க. நான் கையாலயே எழுதிக்கிறேன்."

அறுபத்தாறு படி இறங்கி, சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க அசதி பரவியது. ஆத்திரமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்; ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது. அதன் ஒடிந்த கையைக்கூட அவர்தான் ஆணி அடித்துச் சரி செய்திருந்தார். பஸ் வந்தது. எண் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். இல்லை. கண்ணாடி மேலே, அந்த மேசைமேல்.

ஏறுவதா வேண்டாமா என்று அவர் முழங்கால்களைக் கேட்டார். அவை பதில் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

இரண்டாம் முறையாக அறுபத்தாறு படி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே தாழ்வாரத்தில் கொடி காலி. இந்தத் தடவை குனிய வேண்டியிருக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூடமே உடுத்திக்கொண்டிருந்தது. இருபது தையல் மெஷினுக்கும் உறை. டெலிபோனுக்கு உறை. நாற்காலி முதுகுக்கு, தண்ணீர்க் குடத்துக்கு, சுவர்க் கடிகாரத்தின் முகத்தை மட்டும் விட்டு மற்ற பாகத்துக்கு உறை. கடைசியாக மூலையில் காஜா அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கெட்டியான நீலத் துணிச் சட்டை ஒன்றைக் கீழிருந்து மேலாகப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். பின்பக்கம் வயர் வர மட்டும் ஒரு சின்னப் பிளவு. முன்பக்கம் சுவிட்சுக்கென்று, விரல் நுனி நுழையும் அளவுக்கு அழகான காஜா. கழுத்துவரை இறுக்கமாகப் பிடித்த சட்டை. அதை இரண்டு கையாலும் சுருக்கம் போக நீவிவிட்டாள். நீவிய கை சுவிட்சின் மேல் போனபோது, அணைந்திருந்த பெட்டி தானாக விழித்துக்கொண்டது. ஐந்து எண்ணுவதற்குள் செத்தது.

"பார்த்தீங்களா டீச்சர், அவர் இறங்கின உடனே ஆரம்பிச்சிடுச்சு!"

"அம்மா," என்றார் வாசலில் நின்ற தூசியார். "இந்தச் சட்டை எப்பவும் போட்டிருக்குமா?"

இருவரும் திரும்பினார்கள். பெரிய டீச்சர் எழுந்தே விட்டார்.

"ஆமா. பின்னே? தூசி படியாம இருக்கிறது எப்படின்னு நினைச்சீங்க?"

"நான் வந்தப்ப ஒரு தடவைகூடப் பார்க்கலையே."

"வெளி மனுஷங்க வர்றப்ப அழுக்குத் துணியோடவா காட்டுவாங்க? உங்க கடையிலேர்ந்து கிளம்பிட்டார்னு போன் வந்ததும் எல்லா உறையையும் கழட்டித் துவைச்சுப் போட்டுடுவோம். யார் வந்தாலும் அப்படித்தான். அது இந்தப் பள்ளிக்கூடத்து மரியாதை."

தூசியார் பையை இறக்கி வைத்தார். பக்கத்தில் இருந்த உறை போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அது மேலே வருவதற்குள் களைத்துப் பாதியில் நின்றுவிட்டது.

"இந்தச் சட்டைதான் டீச்சர் கோளாறு."

பெரிய டீச்சர் உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குண்டூசி மெத்தையில் குத்தினார். அவர் குண்டூசியை எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இதை நான் தைச்சேன். என் கையால. முப்பது வருஷமா இந்த மெஷினுக்கெல்லாம் உறை போடறோம், ஒண்ணாவது செத்திருக்கா?"

வாதாடுவதற்குத் தூசியாரிடம் மூச்சு இல்லை. "சரி டீச்சர். சட்டையோடயே ஏதாவது அடிங்க. நான் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்."

"அடிக்க வேண்டியது உங்க புகார் ஒண்ணுதான் இருக்கு."

"அதையே அடிங்க."

பெரிய டீச்சர் சொல்லச் சொல்லக் காஜா அக்கா அடிக்க உட்கார்ந்தாள். ஆன் செய்தாள், ஐந்து எண்ணுவதற்குள் போனது. மறுபடியும் போனது. மூன்றாம் தடவை தூசியார் ஒரு ஹேர்பின் கேட்டு வாங்கி, காஜா ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். சுவிட்ச் டக்கென்று வெளியே வந்தது. துணி ஓரம் அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அழுத்திப் பிடித்தால் பெட்டி அணையத்தானே செய்யும்? இந்தத் தடவை அணையாமல் நின்றது.

"ஐயா, தங்கள் நிறுவனத்திலிருந்து ஐந்து முறை வருகை தந்த பழுதுபார்ப்பவர்..." என்று ஆரம்பித்தது புகார். பெரிய டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வதும், பிடிக்காமல் அழிக்கச் சொல்வதுமாக அரை மணி ஆனது. தூசியார் பெட்டியின் முதுகில் கை வைத்திருந்தார். முதலில் வெதுவெதுப்பு. பிறகு காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி. "எனவே இவரை உடனடியாக..." என்ற இடத்தில் பொசுக்கென்று திரை இருண்டது.

"கையை வெச்சுப் பாருங்க டீச்சர்."

வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

தூசியார் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டார். சட்டையில்லாமல் ஆன் செய்தபோது மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தது பெட்டி. புகார் முதலிலிருந்து கடைசி வரை, ஒரு விக்கலும் இல்லாமல், அவரைப் பற்றிய ஏழு வாக்கியங்களும் அடித்து முடிந்தது. அச்சாகியும் வந்தது. காஜா அக்கா அதை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பெரிய டீச்சர் காகிதத்தைப் பார்க்கவில்லை. கழுத்து டேப்பை எடுத்துச் சட்டையை அளந்தார். நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை.

"முக்கால் அங்குலம் சுருங்கியிருக்கு," என்றார் மெதுவாக. "நீங்க வர்றப்பல்லாம் துவைச்சோம். துவைக்கத் துவைக்கச் சுருங்கியிருக்கு. காஜா இடம் மாறி ஸ்விட்ச்சைப் பிடிச்சிருக்கு. நீங்க வந்துட்டுப் போனா மோசமாகுதுன்னு எழுதினேன் பாருங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர்."

"நெஞ்சளவு, இடுப்பளவு எல்லாம் எடுத்தேன். இது மூச்சு விடற உடம்புன்னு யாரும் எனக்குச் சொல்லலையே." அவர் உட்கார்ந்தார். முதல் முறையாக அவரும் வயதானவராகத் தெரிந்தார். "நாப்பது பொண்ணுங்களுக்கு இதைத்தான் மாதிரின்னு காட்டிச் சொல்லிக் குடுத்திருக்கேன். மத்த நாலு கிளைக்கும் இதே அளவு போயிருக்கு. இது வெளிய தெரிஞ்சா..."

"அங்கயும் பெட்டி அணையுதா?"

"ஒவ்வொண்ணா ஆரம்பிச்சிருக்காம்."

தூசியார் கண்ணை மூடித் திறந்தார். நாலு கிளை. ஒவ்வொன்றும் எத்தனை படியோ. "என் வாயிலேர்ந்து ஒண்ணும் வராது டீச்சர். நீங்களே போன் பண்ணிக் கழட்டச் சொல்லிடுங்க. நான் ஏற வேண்டாம்."

பெரிய டீச்சர் எழுந்தார். பிறகு காஜா அக்கா கையிலிருந்த காகிதத்தை வாங்கி, புகார் கீழே போகும்படி மேசையில் குப்புறப் போட்டார். சாக்பீஸை நீட்டினார்.

"எங்கெங்க மூச்சு விடுதுன்னு பெட்டியில கோடு போடுங்க. வலைத்துணி வெச்சுத் தைக்கிறேன்."

தூசியார் பக்கவாட்டில் ஒரு வட்டம், முதுகில் ஒரு வட்டம், சுவிட்சைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் போட்டார். டீச்சர் அதே வடிவங்களைக் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். தூசியாரைப் பற்றிய ஏழு வாக்கியங்களும் இரண்டு வட்டத் துண்டும் ஒரு சதுரத் துண்டுமாகி மேசையில் கிடந்தன. "கண்ணாடியை எடுத்துக்குங்க," என்றார் டீச்சர், நிமிராமல்.

கடைக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். மைத்துனன் வேலைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தான்.

"என்ன மாமா, காகிதம் வருமா?"

"வராது."

"சரியாயிடுச்சா? என்ன கோளாறு? எழுதணும்."

தூசியார் பையை இறக்கி வைத்தார். "காத்தோட்டம்."

"காத்தோட்டமா!" மைத்துனன் பேனாவைக் கீழே போட்டான். வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னான். "அஞ்சு தடவை போயிருக்கார், சார். எஸ்எம்பிஎஸ் மாத்தினார், வயர் மாத்தினார், பெட்டியை இங்க கொண்டு வந்து மூணு நாள் கரண்ட்டைக் குடிக்க விட்டார். கடைசியில காத்து வரலையாம்! தூசியார்னு பேரு. தூசி தெரியுது, காத்து தெரியல."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நீலச் சட்டை, வெள்ளைப் பைப்பிங், துவைக்கத் துவைக்கச் சுருங்கிய முக்கால் அங்குலம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கடையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், மைத்துனன் வாயும் அடைந்துவிடும். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. தூசியார் மேசையில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்து அதைக் கீழே தள்ளினார்.

"வயசாயிடுச்சு மாப்ள," என்றார்.

"அது சரி." மைத்துனனுக்கும் அதற்கு மேல் இழுக்கத் தோன்றவில்லை. ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினான். "நாளைக்குக் காலையில ஒரு பல் டாக்டர் கிளினிக். ஆஃப் பண்ணா ஆஃப் ஆகலையாம். மூணு தடவை நம்ம இன்னொரு ஆளு போயிட்டு வந்தாச்சு, அவர் அங்க இருந்தா மட்டும் ஒழுங்கா ஆஃப் ஆகுதாம்."

"எத்தனையாவது மாடி?"

"நாலு."

தூசியார் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையை எடுத்து இடது தோளில் மாட்டி, வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"மாப்ள, நான் வரேன்னு அவங்களுக்குப் போன் பண்ணாத."

"ஏன் மாமா?"

"சும்மாதான். பண்ணாத."